புகாரே இல்லாத கல்லூரி

ஆர்டர் கேன்சல் என்று மெயில் வந்தபோது சரக்கு முழுவதும் பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. லாரி வந்துகொண்டிருந்தது. சரக்கு வாங்கும் அமெரிக்க பையர், பெரிய பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊர் பேங்க் மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். விற்பனை மந்தம், ஆகவே ஆர்டரைத் திரும்பப் பெறுகிறோம், உங்கள் புரிதலுக்கு நன்றி என்று மொத்தம் நாலு வரி. எங்களுக்குப் புரியவில்லை என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

நான் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். இருபத்து நான்கு வருஷ சர்வீஸ். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து "ஆயிரும்" என்று சொல்வதுதான் என் தொழில். அன்றைக்கு முதல்முறையாக இரண்டு பக்கமும் சொல்ல ஒன்றும் இல்லாமல் எம்.டி. அறையில் நின்றேன்.

"கேஸ் கீஸ் ஏதாச்சும் போட முடியுங்களா?" என்றார் எம்.டி. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். அன்றைக்கு டீ கொண்டுவந்தவரைக்கூட "வாங்க, வெய்யுங்க" என்றார்.

அப்போது நிவேதா உள்ளே வந்தாள். எங்கள் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். ஃபேக்டரியில் சம்பளம், தண்ணீர், கழிப்பறை, தீயணைப்பு வழி எல்லாம் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பதும், பையர் அனுப்பும் ஆடிட்டர்களுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலை. மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கும் நெசவாளர் குடும்பம். கோயமுத்தூரில் சட்டம் படித்தவள், இருபத்தேழு வயது. கையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தாள்.

"பர்ச்சேஸ் ஆர்டரோட கண்டிஷன்ஸ் சார். மொத்தம் நாப்பது பக்கம். முப்பத்தோராவது பக்கத்துல இருக்குது. அவுங்க எப்ப வேணும்னாலும், காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம். தகராறு வந்தா நியூயார்க் சட்டம், நியூயார்க் கோர்ட்."

"இத யாருங்க ஒத்துக்கிட்டது?"

நிவேதா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நல்ல பெண். ஆனால் என்னைப் பார்த்துவிட்டாள்.

ஒத்துக்கொண்டது நான்தான். பையரின் இணையதளத்தில் ஒவ்வொரு சீசனுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம் வரும். ஆறு வருஷமாக அதில் டிக் அடித்து வந்தேன். ஆபீசில் எனக்கு நிறையப் படிக்கிறவன் என்று பெயர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலையணை தடிமனுக்கு நாவல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த நாற்பது பக்கத்துக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

எக்செல் ஷீட்

இரண்டு மாதம் கழித்து நிவேதா என் மேஜைக்கு வந்தாள். "அமெரிக்காவுல எல்.எல்.எம். படிக்கலாம்னு இருக்கேன் சார். அந்த முப்பத்தோராவது பக்கத்த எழுதறவங்க எப்படி யோசிக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கோணும். திரும்பி வந்து நம்மூர்ல சின்னச் சின்ன யூனிட்டுக்கெல்லாம் கான்ட்ராக்ட் பாத்துக் குடுக்கலாம். எந்தக் காலேஜுக்கு அப்ளை பண்றதுன்னுதான் தெரியல. நீங்க வெண்டார் செலக்ட் பண்ற மாதிரி இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

குற்ற உணர்ச்சி இருப்பவனிடம் உதவி கேட்டால் அவன் தேவைக்கு மேல் செய்வான். நானும் செய்தேன்.

எம்.டி.க்கும் விஷயம் போயிற்று. அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "பாதி ஃபீஸ் கம்பெனி குடுக்கும் அம்மிணி. உங்க வேலையும் ஒரு வருசம் உங்களுக்காகக் காலியா இருக்கும். ஆனா காலேஜு பேரு சொன்னா நாலு பேருக்குத் தெரியோணும். நான் எக்ஸ்போர்ட்டர் சங்கத்துல சொல்றப்ப 'அதெங்க இருக்குது'ன்னு ஒருத்தன் கேக்கக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணுல எடம் கெடைச்சா அங்கதான் போகோணும்."

அவர் எந்தக் கல்லூரியை நினைத்துச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும். ஊர் உலகத்துக்கே தெரிந்த பெயர். இங்கே அதைப் பெரிய கல்லூரி என்று மட்டும் சொல்கிறேன்.

நான் எக்செல் ஷீட் போட்டேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்: அமெரிக்கா பெரிய நாடு. தேடத் தேட ஆர்வம் பற்றிக்கொண்டது. அங்கே முதன்முதலாகச் சட்டம் படிப்பவர்களுக்கு மூன்று வருஷப் படிப்பு, பெயர் ஜே.டி. ஏற்கெனவே வெளிநாட்டில் சட்டம் படித்து முடித்தவர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு, அதுதான் எல்.எல்.எம். மூன்று வருஷப் படிப்புதான் கெட்டி என்று எம்.டி. சொன்னார். துணி கனமாக இருந்தால் நல்ல துணி என்பது அவர் கட்சி.

ஒவ்வொரு கல்லூரியின் பாடப் பட்டியலையும் மதியம் சாப்பிட்டுக்கொண்டே படிப்பேன். ஒரு கல்லூரியில் வளர்ப்பு நாய்க்கு என்ன உரிமை என்று பாடம். மேற்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆற்றுத் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்பதற்கே ஒரு பருவம் முழுக்கப் பாடம். சாயத் தண்ணீர் ஓடும் நொய்யலைத் தினமும் தாண்டி வருகிறவனுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும். நானே சேர்ந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஐம்பத்து இரண்டு வயதில் எனக்கு யார் ரெகமண்டேஷன் லெட்டர் கொடுப்பார்கள் என்ற இடத்தில் அந்த யோசனை நின்றது.

ஷீட்டில் பதினான்கு பத்தி. தரவரிசை, ஊர், குளிர், கோவையிலிருந்து எத்தனை விமானம் மாற வேண்டும், பக்கத்தில் இட்லி கிடைக்குமா என்பது வரை மதிப்பெண் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் இருந்தால் கூடுதலாகப் பத்து. சண்டை நியூயார்க் சட்டத்தோடு அல்லவா. பெரிய கல்லூரி முதலிடத்தில் வந்தது. வராதபோது இட்லிக்கான மதிப்பெண்ணைக் கொஞ்சம் மாற்றி வரவைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிவேதா பொறுமையாகப் பார்த்தாள். "நியூயார்க் சட்டம் தெரிஞ்சுக்கறதுக்கு, அங்க வக்கீல் பரீட்சை எழுதறதுக்குக்கூட, நியூயார்க்லயே படிக்கோணும்னு இல்லீங்க சார். அவுங்க கேக்கற பாடத்த அங்கீகாரம் இருக்கற எந்தக் காலேஜுல படிச்சாலும் சரிதானுங்க. எனக்கு வேண்டியது கான்ட்ராக்ட் எழுதற வகுப்பு. அதுல வெளிநாட்டு ஸ்டூடண்ட்ட சேத்துக்குவாங்களான்னு இந்த ஷீட்ல எங்க இருக்குது?"

பதினான்கு பத்தியில் அது இல்லை.

செல்விக்கா

பிராயச்சித்தமாகப் பெரிய கல்லூரிக்கு நானே மெயில் போட்டேன். உங்களிடம் படிக்கும் வெளிநாட்டு மாணவர் யாருடனாவது பேச முடியுமா என்று கேட்டேன். மறுநாளே பதில். மாணவத் தூதர் என்று அங்கே ஒரு பதவியே இருக்கிறதாம். பிரேசிலிலிருந்து வந்த பெண் ஒருத்தி வீடியோவில் வந்தாள். கான்ஃபரன்ஸ் ரூமில் நானும் நிவேதாவும் உட்கார்ந்து முப்பத்தைந்து நிமிஷம் பேசினோம். பேராசிரியர்கள் அருமை, நூலகம் அருமை, குளிர்கூட ஒரு விதத்தில் அருமை. எந்த வகுப்பில் வேண்டுமானாலும் சேரலாமா என்று நிவேதா கேட்டாள். வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன என்றாள் அந்தப் பெண். அவ்வளவு அழகான சிரிப்பு.

நான் நோட்டில் பத்துக்குப் பத்து போட்டேன்.

நிவேதா லேப்டாப்பை மூடினாள். "நம்ம செல்விக்கா மாதிரியே பேசறாங்க சார்."

செல்விக்கா யார் என்று சொல்ல வேண்டும். தைத்த துணியைச் சரிபார்க்கும் எங்கள் செக்கிங் பிரிவில் இருப்பவர். ஆடிட்டர்கள் வந்தால் தொழிலாளிகள் சிலரைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும் என்பார்கள். யாரை அழைப்பது என்பது அவர்கள் இஷ்டம் என்று விதி. ஆனால் ஆடிட்டர் உள்ளே நுழைந்து திரும்பும் இடத்தில் எல்லாம் செல்விக்கா நின்றுகொண்டிருப்பார். அப்படி நிற்க வைப்பது என் ஏற்பாடு. "தண்ணி நல்லா இருக்குதுங்க. ஓவர்டைம் எங்க இஷ்டந்தானுங்க. சூப்பர்வைசர் அண்ணன் தங்கமானவருங்க." பல வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, ஒரு ஆடிட்டர் அவருடைய பையன் பிளஸ் டூவில் எத்தனை மார்க் என்று விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. நிவேதா இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து இதை நிறுத்தச் சொல்லி என்னோடு சண்டை.

"செல்விக்காவ நிக்க வெக்கற ஆளே நீங்கதான் சார். உங்களுக்கே தெரியலீங்களா?"

"அந்தப் பொண்ணு அழகா இங்கிலீஷ் பேசுச்சு, அதுல ஏமாந்துட்டேன்," என்றேன். இருபத்து நான்கு வருஷம் அடுத்தவரை ஏமாற்றிய அதே முறையில் நான் முப்பத்தைந்து நிமிஷத்தில் ஏமாந்திருந்தேன்.

ஒரே கேள்வி

எங்களுக்குத் தையல், பிரிண்டிங் செய்து தரும் சிறு யூனிட்டுகளுக்கு நிவேதாவே ஆடிட் போவாள். வேலம்பாளையத்தில் அப்படி ஒரு யூனிட்டுக்கு நானும் ஒருமுறை கூடப் போனேன். நான் சுவரில் புதுப் பெயிண்டைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது அவள் நேராகப் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டாள். பளபளவென்று வந்தது. ஒரு பக்கத்திலும் ஒரு எழுத்து இல்லை. ஓனர் பெருமையாக, "ஒரு கம்ப்ளைண்ட்கூட இல்லீங்க மேடம்," என்றார். அவள் தன் ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் குறித்தாள். வரும் வழியில் விளக்கினாள்: "எரநூறு பேரு வேல செய்யற எடத்துல கொறையே இல்லாம இருக்காதுங்க சார். வாயத் தொறக்க பயந்துட்டு இருப்பாங்க. புக்குல நாலு புகார் இருந்து, பக்கத்துல என்ன பண்ணினோம்னு எழுதியிருந்தா, அந்த யூனிட்ட நம்பலாம்."

செல்விக்கா விவகாரத்துக்கு மறுநாள், அவள் இதையே கல்லூரிகளிடம் செய்யப் போவதாகச் சொன்னாள். ஷீட்டில் இருந்த முப்பது கல்லூரியில் அவள் தேர்ந்தெடுத்த பதினொன்றுக்கு ஒரே மெயில். 'போன வருஷம் வெளிநாட்டு எல்.எல்.எம். மாணவர்கள் உங்களிடம் சொன்ன குறைகள் என்ன? எதைச் சரிசெய்தீர்கள், எதைச் சரிசெய்ய முடியவில்லை?'

நான் மறித்தேன். "சீட் கேக்கற எடத்துல ஆடிட்டர் மாதிரி கேள்வி கேட்டா எவன் குடுப்பான்? முதல்ல உள்ள போ, அப்புறம் குறை கண்டுபிடி."

"உள்ள போனதுக்கப்புறம் கண்டுபிடிச்சு என்னுங்க பண்றது? ஒரு வருசம்தான் படிப்பு."

நாலு கல்லூரி பதிலே போடவில்லை. ஐந்து கல்லூரி எங்கள் மாணவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று விளம்பரப் பக்கத்தின் லிங்க் அனுப்பின. பெரிய கல்லூரியும் அதில் ஒன்று. மூன்றே வரி, 'மிகுந்த திருப்தி' என்று.

இரண்டு கல்லூரிகள் பதில் எழுதின. அதில் ஒன்று நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஊர். நான் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் ஷீட்டில் அது இருபத்தாறாவது. அட்மிஷன் ஆபீசில் இருக்கும் ஓர் அம்மாள் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். கான்ட்ராக்ட் எழுதும் வகுப்பில் ஜே.டி. மாணவர்கள் முதலில் பெயர் பதிந்துவிடுகிறார்கள், வெளிநாட்டவருக்கு இடம் மிஞ்சுவதில்லை என்று போன வருஷம் புகார் வந்ததாம். இந்த வருஷம் ஆறு இடம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்களாம். ஏழைகளுக்காக மாணவர்களே வழக்கு நடத்தும் பயிற்சிப் பிரிவில் எல்.எல்.எம். மாணவர்களைச் சேர்க்க முடியவில்லை, இந்த வருஷமும் முடியாது. ஒரு வருஷப் படிப்பை நம்பி எங்கள் ஊரில் யாரும் வேலை தருவதில்லை, அதை நாங்கள் மறைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது.

நிவேதா அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஹைலைட்டரால் கோடு போட்டாள். முகத்தில் ஒரு சந்தோஷம். நல்ல யூனிட்டில் நன்றாகக் கிழிந்து அழுக்கான புகார்ப் புத்தகத்தைக் கண்டால் வருமே, அந்தச் சந்தோஷம்.

அதோடு விடவில்லை. கல்லூரிகள் கைகாட்டிய ஆட்களை விட்டுவிட்டு, முன்பு படித்தவர்களை இணையத்தில் தானாகத் தேடிப் பிடித்தாள். பெரிய கல்லூரியில் படித்த நைரோபிக்காரர் ஒருவர் வெளிப்படையாகப் பேசினார். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் தனி வகுப்பு. கான்ட்ராக்ட் வகுப்புக்கு இரண்டு பருவமும் காத்திருந்தார், இடம் கிடைக்கவில்லை. "பெயருக்குப் போனேன், பெயர் கிடைத்தது," என்றாராம்.

எம்.டி. அறை

கடைசியில் அவள் பட்டியலில் நாலு கல்லூரிகள் நின்றன. பதில் எழுதிய இரண்டும், பழைய மாணவர்கள் நல்லபடியாகச் சொன்ன இன்னும் இரண்டும். ரெகமண்டேஷன் லெட்டருக்காக எம்.டி. அறைக்குப் போனோம். போவதற்கு முன் நான் அவளிடம் கெஞ்சினேன். பெரிய கல்லூரியையும் ஐந்தாவதாகப் போட்டுவை, என்ன நஷ்டம் என்று. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

எம்.டி. பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். பிறகு பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம பெரிய காலேஜு பேரக் காணமே."

"அத எடுத்துட்டேனுங்க," என்றாள் நிவேதா. நைரோபிக்காரர் சொன்னதை, மூன்று வரிப் பதிலை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி, அது இருந்துட்டுப் போகட்டும். சேத்தித்தான் வெச்சா என்னங்க அம்மிணி? கெடைச்சாப் பாக்கலாம், கெடைக்காட்டிப் போகுது."

"கெடைச்சா அங்கதான் போகோணும்னு நீங்க சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"கெடைச்சுட்டா எனக்கும் வேண்டாம்னு சொல்ற தைரியம் இருக்காதுங்க. எங்கப்பா மங்கலம் பூரா சொல்லிருவாரு. நீங்க சங்கத்துல சொல்லிருவீங்க. அப்புறம் நான் போய், அந்த வகுப்பு கெடைக்காம, போட்டோ புடிச்சுட்டுத் திரும்பி வருவேன். அதனாலதான் இப்பவே எடுத்துட்டேன்."

எம்.டி. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப அந்தப் பாதி ஃபீஸ் பேச்சு இத்தோட முடிஞ்சுதுங்க. நான் சொன்ன கண்டிஷன் வேற."

கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும் என்று சொன்னேன். அந்த 'ங்க' விழுந்த விதம் எனக்குத் தெரியும். நிவேதாவின் கை மேஜையில் கிடந்த பட்டியலின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பெயரை எழுதினால் போதும். பேனா மேஜையிலேயே இருந்தது.

"சரீங்க," என்றாள். "பேங்க்ல கேட்டிருக்கேன். அப்பாவும் சரின்னுட்டாரு. லெட்டர் மட்டும் குடுத்தீங்கன்னாப் போதும்."

லெட்டர் வேறு, கண்டிஷன் வேறு என்று நினைத்தாரோ என்னவோ, எம்.டி. என்னைப் பார்த்து அங்கேயே டைப் பண்ணச் சொன்னார். கல்லூரி அனுப்பிய படிவத்தில் கேள்விகள் இருந்தன. திறமைகள் என்ன என்பதற்கு அரைப் பக்கம் அடித்துத் தள்ளினேன். அடுத்த கேள்வி: விண்ணப்பதாரரிடம் உள்ள குறை என்ன? தொழில் பழக்கத்தில் கை தானாகப் போய், 'எதுவும் இல்லை' என்று அடித்துவிட்டது.

நிவேதா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். "அத அனுப்ப வேண்டாங்க சார்."

"குறைன்னு எழுதினா சீட் போயிரும்மா."

"போனாப் போகட்டுங்க. நான் அவுங்கள என்ன கேட்டேன்? அதையேதான அவுங்களும் என்னக் கேக்கறாங்க."

நான் எம்.டி.யைப் பார்த்தேன். அவர் மேஜைமேலிருந்த பேனாவை எடுத்தார்.

"எழுதுங்க," என்றார். "சொன்னாக் கேக்க மாட்டா. மொதலாளி சொன்னாலும் கேக்க மாட்டா. காசு தரமாட்டேன்னு சொல்லிப் பாத்தாச்சு, அப்பவும் கேக்கல." நான் ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று தயங்கினேன். "அப்படியே போடுங்க, அழகு பண்ணாதீங்க."

அப்படியே போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நீட்டும்போது அவர் சொன்னார்: "ஃபீஸ்தான் இல்லைன்னேன் கண்ணு. வேலை இல்லைன்னு சொல்லல. ஒரு வருசம் அந்த சீட்டு காலியாத்தான் இருக்கும்."

நாலில் மூன்று கல்லூரிகள் இடம் கொடுத்தன. ஒன்று மறுத்தது. காரணம் சொல்லவில்லை. அந்த லெட்டர்தான் என்று நான் நினைக்கிறேன், நிவேதா இல்லை என்கிறாள். வரைபடத்தில் தேட வேண்டிய அந்த ஊர்க் கல்லூரி கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தது. மீதி பேங்க் கடன். போன ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாள். கான்ட்ராக்ட் எழுதும் வகுப்பில் ஒதுக்கிய ஆறு இடத்தில் ஒன்று அவளுடையது. திரும்பி வந்து என்ன செய்வாள், கடன் எப்போது தீரும் என்பதெல்லாம் இப்போது சொல்லக்கூடியதல்ல.

அதன் பிறகு அமெரிக்கா போகிற பிள்ளைகள் சிலர் லிஸ்ட் போட்டுக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். லிஸ்ட் போட எனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கே இடம் கிடைக்காது என்று எல்லோரும் கவலைப்படுகிறீர்கள். கிடைத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வராத இடம் எது, அங்கே உங்களுக்கு வேண்டியது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரை இன்றைக்கே அடித்துவிடுங்கள். இடம் கிடைத்தது என்ற கடிதம் கையில் வந்த பிறகு உங்களால் முடியாது. என்னால் நிச்சயமாக முடிந்திருக்காது.